கற்பூரம் எங்கே போகிறது? எரிதல் சமன்பாட்டைச் சமன் செய்யும் கணக்கு

கற்பூரம் ஏற்றி முடிந்ததும் தட்டைப் பாருங்கள். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். ஊதுவத்தி எரிந்தால் சாம்பல் உதிரும். கற்பூரம் எரிந்த இடத்தில் லேசான கருப்புத் தடம், அவ்வளவுதான்.

மாலையில் வீட்டுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தக் கற்பூரம் எங்கே போனது? "எரிஞ்சு போச்சு" என்பார்கள். சரி, எரிந்து எங்கே போனது என்று திரும்பக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஆனால் அதே பிள்ளைகள் தேர்வில் எரிதல் சமன்பாட்டைச் சமன் செய்துவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு 2, அந்தப் பக்கம் ஒரு 3 என்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, எப்படியோ பொருந்தியதும் அடிக்கோடு இழுத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. "எங்கே போனது" என்ற கேள்விக்கு எண்ணிப் பார்த்துச் சொல்லும் பதில்தான் சமன்பாடு. அதை மதிப்பெண்ணுக்கான எண் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

## அடுப்பில் பிறக்கும் தண்ணீர்

ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு கேஸ் அடுப்பில் வையுங்கள். பற்றவைத்த முதல் அரை நிமிடம் பாத்திரத்தின் பக்கவாட்டையே பாருங்கள். பளபளப்பு மங்கி, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஆவி படியும். சில நேரம் அது துளியாகத் திரண்டு, அடியிலிருந்து சொட்டி, தணலில் "சுர்"ரென்று போகும். பாத்திரம் சூடானதும் ஈரம் மறைந்துவிடும். பாத்திரம் ஒழுகுகிறது என்று இதைப் பார்த்துப் பற்றவைக்கக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பாத்திரத்தில் ஓட்டை இல்லை. அந்தத் தண்ணீர் தீயில் பிறந்தது.

சமையல் கேஸ் என்பது பெரும்பாலும் புரோபேன், பியூட்டேன் என்ற இரண்டு பொருள்களின் கலவை. இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருக்கின்றன. இப்படி இந்த இரண்டால் மட்டும் ஆன பொருளுக்கு ஹைட்ரோகார்பன் என்று பெயர். அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீர் ஆகிறது. வெப்பமும் வெளிச்சமும் இந்தச் சேர்க்கையில் வருபவை. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்து, கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் முழுவதும் நீராகவும் மாறினால் அது முழுமையான எரிதல்.

இதுவரை பார்த்தது: எரிவது என்றால் அழிவது இல்லை, ஆக்சிஜனோடு சேர்வது. கார்பன் போகும் இடம் ஒன்று, ஹைட்ரஜன் போகும் இடம் இன்னொன்று.

## சரத்தைப் பிரித்துத் தொடுப்பது

ஒரு பூச்சரத்தை அவிழ்க்கிறீர்கள். மல்லிகையும் கனகாம்பரமும் தனித்தனியாக விழுகின்றன. அவற்றை வேறு வரிசையில் புதிதாகத் தொடுக்கிறீர்கள். சரத்தின் தோற்றம் மாறிவிட்டது. ஆனால் மல்லிகை 40 இருந்தால் இப்போதும் 40தான். ஒரு மல்லிகை கனகாம்பரம் ஆகியிருக்காது.

வேதிவினையும் இதேதான். பூ என்ற இடத்தில் அணு, சரம் என்ற இடத்தில் மூலக்கூறு, அதாவது அணுக்கள் சேர்ந்து கட்டிய தொகுதி. எரியும்போது பழைய மூலக்கூறுகள் பிரிந்து அதே அணுக்கள் புது மூலக்கூறுகளாகின்றன. அணுக்களின் வகையும் மாறாது, எண்ணிக்கையும் மாறாது. அதனால் மொத்த எடையும் மாறாது. இதைத்தான் பொருண்மை அழியா விதி என்கிறோம்.

இன்றைக்கு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் எரிதலைப் பற்றி இதற்கு நேர்மாறாகத்தான் நம்பினார்கள். எரியும் பொருளிலிருந்து ஃபிளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது, அதுதான் எரிதல் என்றார்கள். விறகு சாம்பலாகி எடை குறைவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பாரிஸில் இருந்த வேதியியலாளர் அந்துவான் லவாய்சியே 1772-ல் பாஸ்பரஸையும் கந்தகத்தையும் எரித்து நிறுத்துப் பார்த்தார். எடை கூடியிருந்தது. ஏதோ வெளியேறியிருந்தால் எடை எப்படிக் கூடும்? காற்றிலிருந்து ஏதோ உள்ளே வந்து சேர்ந்திருக்கிறது. பின்னாளில் ஆக்சிஜன் என்று அவர் பெயர் வைத்தது அதற்குத்தான். அவர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வரி வசூல் நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். கணக்குப் பழகிய கண் வேதியியலுக்குள் நுழைந்ததை நான் பெரிய பாக்கியமாக நினைக்கிறேன். வினைக்கு முன்பும் பின்பும் பொருளின் அளவு ஒன்றே என்று 1789-ல் அவர் தெளிவாக எழுதிவைத்தார்.

பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்துவார்களே, கண் கூசும் வெள்ளை ஒளி வருமே, அதில் மிஞ்சும் வெள்ளைப் பொடியும் நாடாவைவிடக் கனமானது. 48 கிராம் மெக்னீசியம் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து 80 கிராம் பொடியாகிறது.

## இரண்டு இட்லி, ஒரு வடை

வினைக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு வகை அணுவும் ஒரே எண்ணிக்கையில் வரும்படி சமன்பாட்டை எழுதுவதுதான் சமன் செய்வது. அதில் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓட்டலில் காலை டிபன் "இரண்டு இட்லி, ஒரு வடை" என்று ஒரு செட்டாகத்தான் கொடுப்பார்கள் என்று வையுங்கள். உங்களுக்கு மூன்று வடை வேண்டும். என்ன செய்வீர்கள்? மூன்று செட் வாங்க வேண்டும். அப்போது இட்லியும் ஆறு வந்துவிடும். வடை மட்டும் கூட வேண்டும் என்று ஒரு செட்டின் உள்ளே கை வைக்க முடியாது. வைத்தால் அது வேறு செட்.

நீர் அப்படிப்பட்ட ஒரு செட். ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. எச்2ஓ என்று எழுதும்போது எழுத்துக்குக் கீழே வரும் சின்ன எண் செட்டுக்குள் இருப்பதைச் சொல்கிறது. அதைத் தொடக்கூடாது. எத்தனை செட் என்று முன்னால் போடும் பெரிய எண்ணுக்குக் கெழு என்று பெயர். சமன் செய்வதில் நம் கையில் இருப்பது கெழு ஒன்றுதான்.

என்னிடம் வந்த ஒரு பிள்ளை, ஆக்சிஜன் ஒன்று இடிக்கிறது என்று நீருக்குள் ஆக்சிஜனை 2 ஆக்கிக் கணக்கை முடித்திருந்தாள். எண்கள் அழகாகப் பொருந்தின. ஆனால் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 என்றால் அது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணைக் கழுவும் மருந்து, முடியின் நிறம் வெளுக்கும் ரசாயனம். அடுப்பில் பால் காய்ச்சும்போது அதுவா வருகிறது என்று கேட்டேன். உடனே அழித்துவிட்டாள்.

காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒரு செட்தான். அது செருப்பு மாதிரி, ஜோடியாகத்தான் கிடைக்கும். கடையில் ஒற்றைச் செருப்பு கேட்டால் தரமாட்டார்கள். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு என்றால் இரண்டு அணு. கார்பன் டை ஆக்சைடு என்ற செட்டில் கார்பன் 1, ஆக்சிஜன் 2.

இதுவரை பார்த்தது: செட்டுக்குள் கை வைக்கக்கூடாது, செட்டின் எண்ணிக்கையை மாற்றலாம். நினைவில் வைக்க வேண்டிய செட்டுகள் மூன்றே மூன்று: நீர், கார்பன் டை ஆக்சைடு, ஜோடி ஆக்சிஜன்.

## மீத்தேனிலிருந்து தொடங்குவோம்

ஹைட்ரோகார்பன்களில் மிக எளியது மீத்தேன். சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் வாயுவில் எரிவது இதுதான். ஒரு மூலக்கூறில் கார்பன் 1, ஹைட்ரஜன் 4. புத்தகத்தில் குறியீடாக எழுதுவதை இங்கே பெயராகவே எழுதுகிறேன். என்ன எரிகிறது, என்ன வருகிறது என்பது அப்போது கண்ணில் நிற்கும்.

மீத்தேன் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர்

அம்புக்குறிக்கு இடப்பக்கம் வினைபடுபொருள்கள், வலப்பக்கம் விளைபொருள்கள். முதலில் கார்பன். இடப்பக்கம் 1 இருக்கிறது, அதனால் கார்பன் டை ஆக்சைடு 1 போதும். அடுத்து ஹைட்ரஜன். இடப்பக்கம் 4 இருக்கிறது. ஒரு நீருக்கு 2 வேண்டும், அதனால் நீர் 2. இப்போது வலப்பக்கத்தின் ஆக்சிஜனை எண்ணுங்கள். கார்பன் டை ஆக்சைடில் 2, இரண்டு நீரில் 2, ஆக மொத்தம் 4. நான்கு அணுவுக்கு எத்தனை ஜோடி? இரண்டு.

1 மீத்தேன் + 2 ஆக்சிஜன் → 1 கார்பன் டை ஆக்சைடு + 2 நீர்

ஆக்சிஜனைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. கார்பன் வலப்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஹைட்ரஜனும் அப்படியே. ஆக்சிஜன் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதை முதலில் பிடித்தால் எந்த இடத்தில் மாற்றுவது என்று சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். இன்னொரு பக்கம், இடப்பக்கத்தில் ஆக்சிஜன் தனியாக நிற்கிறது. அதன் கெழுவை எப்படி மாற்றினாலும் கார்பனோ ஹைட்ரஜனோ கலையாது. கல்யாண வீட்டில் இலை எத்தனை என்று எண்ணி முடித்த பிறகுதான் சாதம் எவ்வளவு வடிக்கலாம் என்று சொல்வார்கள். அதே முறைதான்.

## புரோபேன், பியூட்டேன்

புரோபேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. கார்பன் டை ஆக்சைடு 3, நீர் 4. ஆக்சிஜன் 6-ம் 4-ம் சேர்ந்து 10, அதாவது 5 ஜோடி.

1 புரோபேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டை ஆக்சைடு + 4 நீர்

இங்கே ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். இடப்பக்கம் 1-ம் 5-ம் சேர்ந்து 6. வலப்பக்கம் 3-ம் 4-ம் சேர்ந்து 7. சமன் ஆகவில்லையே! சமன் ஆக வேண்டியது அணுக்களின் எண்ணிக்கை, மூலக்கூறுகளின் எண்ணிக்கை இல்லை. ஆறு சரத்தை அவிழ்த்து ஏழு சரம் கட்டலாம். பூக்கள் அதே பூக்கள்தான்.

பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் டை ஆக்சைடு 4, நீர் 5. ஆக்சிஜன் 8-ம் 5-ம் சேர்ந்து 13. ஜோடியாக்கினால் ஆறரை. ஒற்றைச் செருப்பு வந்து நிற்கிறது. இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய்ச் செட்டுக்குள் கை வைக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

ஆறரை என்று எழுதினால் கணக்கு தப்பா என்றால் இல்லை, விகிதம் சரியாகத்தான் இருக்கிறது. அரை மூலக்கூறு என்று ஒன்று கிடையாது என்பதால் முழு எண்ணாக மாற்றி எழுதுவது வழக்கம்.

கார்பன் எண்ணையும் ஹைட்ரஜன் எண்ணையும் போட்டால் ஆக்சிஜன் எண் வந்துவிழும் சூத்திரத்தைச் சில கையேடுகள் கொடுக்கின்றன. சூத்திரத்தில் தவறில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு எரிபொருளிலேயே ஆக்சிஜன் இருந்தால் கை நின்றுவிடுகிறது. இப்போது பெட்ரோலில் கலக்கிறார்களே, அந்த எத்தனால் அப்படிப்பட்டது. கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 1. வலப்பக்கம் கார்பன் டை ஆக்சைடு 2, நீர் 3, ஆக்சிஜன் அணு 7. அதில் ஒன்றை எத்தனாலே கொண்டுவந்துவிட்டது. காற்று தர வேண்டியது 6, அதாவது 3 ஜோடி. கையில் இருப்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை வாங்குகிறோம்.

இதுவரை பார்த்தது: கார்பன், ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன். அரை வந்தால் இரட்டிப்பு. எரிபொருளில் ஆக்சிஜன் இருந்தால் கழித்துக்கொள்ள வேண்டும்.

## ஒரு சிலிண்டருக்குள் எத்தனை தண்ணீர்

இந்த எண்களின் பலன் எடை போடும்போது தெரியும். அணுக்களின் எடையை ஒப்பிட்டால் ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16. புரோபேன் மூன்று கார்பனுக்கு 36, எட்டு ஹைட்ரஜனுக்கு 8, மொத்தம் 44. ஐந்து ஜோடி ஆக்சிஜன் 160. இடப்பக்கம் 204. வலப்பக்கம் மூன்று கார்பன் டை ஆக்சைடு 132, நான்கு நீர் 72. அதுவும் 204.

கிராமில் சொன்னால், 44 கிராம் புரோபேன் எரிய 160 கிராம் ஆக்சிஜன் வேண்டும். எரிபொருளைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல்! காற்றுக்கு எடையே இல்லை என்ற நினைப்பில் இருப்பதால் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. பியூட்டேனுக்கும் விகிதம் ஏறத்தாழ இதேதான். ஆகவே ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் அடுப்பு சுமார் 51 கிலோ ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. கூடவே 22 கிலோவுக்குக் குறையாமல் தண்ணீர். கடையில் வாங்கும் 20 லிட்டர் கேனைவிட அதிகமான தண்ணீர் ஆவியாகச் சமையலறை ஜன்னல் வழியே போகிறது. பாத்திரத்தில் படிந்த அந்த மெல்லிய ஆவி அதில் ஒரு துளி. முதன்முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் அடுப்படியிலேயே வெகுநேரம் நின்றிருந்தேன்.

"ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது" என்று படித்துவிட்டு, ஒரு லிட்டரே முக்கால் கிலோதானே, இது பொய் என்று சொல்பவர்கள் உண்டு. பொய் இல்லை. பெட்ரோலில் இருப்பது போன்ற ஹைட்ரோகார்பனான ஆக்டேனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் 8, ஹைட்ரஜன் 18.

2 ஆக்டேன் + 25 ஆக்சிஜன் → 16 கார்பன் டை ஆக்சைடு + 18 நீர்

228 கிராம் ஆக்டேனிலிருந்து 704 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மூன்று மடங்குக்கும் மேல். முக்கால் கிலோவுக்குப் போட்டால் 2.3 கிலோ வந்துவிடும். கூடுதல் எடை வண்டி ஓடிய வழியெல்லாம் காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜனின் எடை.

## ஆக்சிஜன் போதாதபோது

சமன் ஆன சமன்பாடு என்பதால் மட்டும் அதுதான் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. முழுமையாக எரிந்தால் இவ்வளவு வேண்டும், இவ்வளவு வரும் என்றுதான் அது சொல்கிறது. காற்று குறைந்தால் கதை மாறும்.

2 புரோபேன் + 7 ஆக்சிஜன் → 6 கார்பன் மோனாக்சைடு + 8 நீர்

எண்ணிப் பாருங்கள், இதுவும் சமன்தான். முழுமையாக எரிய இரண்டு புரோபேனுக்கு 10 ஜோடி வேண்டும். இங்கே 7 தான் கிடைத்தது. ஹைட்ரஜன் தன் பங்கை எடுத்துக்கொண்டது, கார்பனுக்கு ஆளுக்கு ஒரு ஆக்சிஜன்தான் மிஞ்சியது. அப்படி வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொன்றுவிடும். குளிருக்கு அறையைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டித் தூங்கக்கூடாது, ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைக்கக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். இதை எந்தத் தேர்வுக்காகவும் இல்லாமல் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் இன்னும் குறைந்தால் கார்பன் கார்பனாகவே தங்கிவிடும். அதுதான் கரி. அடுப்பின் பர்னர் துளை அடைத்துக்கொண்டால் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கருப்பது இதனால்தான். நம் வீட்டுப் பாட்டிமார் அதையே ஒரு கலையாக வைத்திருந்தார்கள். விளக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே மண் ஓட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்துக் கண்ணுக்கு மை செய்தார்கள்.

## இனி கற்பூரம்

கற்பூரத்தின் ஒரு மூலக்கூறில் கார்பன் 10, ஹைட்ரஜன் 16, ஆக்சிஜன் 1. (டப்பாவைத் திறந்து வைத்தால் கற்பூரம் தானாகக் கரைந்துபோவது வேறு விஷயம். அங்கே மூலக்கூறு பிரிவதில்லை, கற்பூரம் கற்பூரமாகவே ஆவியாகிறது. அதற்குச் சமன் செய்ய ஒன்றும் இல்லை.)

ஏற்றிவிட்டோம். கார்பன் டை ஆக்சைடு 10. ஹைட்ரஜன் 16-ல் நீர் 8. வலப்பக்கம் ஆக்சிஜன் 20-ம் 8-ம் சேர்ந்து 28. கற்பூரமே ஒன்று கொண்டுவருகிறது, காற்று தர வேண்டியது 27. ஜோடியாக்கினால் பதின்மூன்றரை. இரட்டிப்பாக்குவோம்.

2 கற்பூரம் + 27 ஆக்சிஜன் → 20 கார்பன் டை ஆக்சைடு + 16 நீர்

எடை போட்டால் 304 கிராம் கற்பூரம், 864 கிராம் ஆக்சிஜன், மொத்தம் 1168. அந்தப் பக்கம் 880 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 288 கிராம் நீர், அதுவும் 1168. தட்டில் ஒன்றும் மிஞ்சாததற்குக் காரணம், வந்த இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வாயுவும் ஆவியுமாக இருந்ததுதான்.

கற்பூரச் சுடரின் நுனியில் கருப்பாக ஒரு இழை எழும்பிப் போகுமே, அதற்கு இந்தச் சமன்பாட்டில் இடமில்லை. கற்பூரத்தில் கார்பன் அதிகம், அந்தச் சின்னச் சுடருக்குள் 27 ஜோடியும் வேளைக்கு வந்து சேர்வதில்லை. ஜோடி கிடைக்காமல் போன கார்பன்தான் பூஜை மாடத்தின் மேற்சுவரில் வருஷக்கணக்காகப் படிந்து கருத்திருக்கிறது.